ஆயக்காரனின் மேசையில் விழுந்த ஒளி

மேசையைச் சுற்றி ஐந்து பேர். மேசையில் காசுகள், ஒரு கணக்குப் புத்தகம், மைக்கூடு. இடது ஓரத்தில் இருக்கும் இளைஞன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு காசு எண்ணுகிறான். அவனுக்குப் பின்னால் நிற்கும் கிழவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்தபடி குனிந்து அதையே பார்க்கிறார். நடுவில் தாடிக்காரர் ஒருவர். அவர்மேல் சாய்ந்தாற்போல் இறகுத் தொப்பி அணிந்த சிறுவன். எதிரே, நமக்கு முதுகைக் காட்டி, இடுப்பில் வாளோடு இன்னொரு வாலிபன். வலது ஓரத்தில், இருட்டோடு இருட்டாக, இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். ஒருவர் பேதுரு. அவருக்குப் பின்னால் நிற்பவர் இயேசு. அவருடைய கை மேசையை நோக்கி நீண்டிருக்கிறது. அவர் தலைக்கு மேலாகச் சுவரில் சரிந்து இறங்கும் ஒளி அந்த ஐவரின் முகங்களையும் தொடுகிறது. கரவாஜியோ என்று ஊர்ப்பெயரால் அறியப்படும் மைக்கேலாஞ்சலோ மெரிசி 1599இல் தொடங்கி 1600இல் முடித்த ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ இது. ஏறத்தாழ 3.2 மீட்டர் உயரமும் 3.4 மீட்டர் அகலமும் கொண்ட எண்ணெய் வண்ண ஓவியம். ரோமில் நவோனா சதுக்கத்துக்கு அருகே, பிரெஞ்சுக்காரர்களின் ஆலயமான சான் லூயிஜி தெய் ஃபிரான்செஸியில், கொன்டரெல்லி சிற்றாலயத்தின் இடப்பக்கச் சுவரில் இன்றும் இருக்கிறது. எந்த இடத்துக்காக வரையப்பட்டதோ அந்த இடத்திலேயே அதைப் பார்க்கலாம்.

இந்த ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் சொல்வது ஒளியைத்தான். ஒளி என்றால் இறையருள், இருள் என்றால் பாவம். இயேசு உள்ளே வந்தார், இருள் விலகியது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சுலபமான விளக்கம், ஆனால் ஓவியத்தின் முன்னால் நின்று பார்த்தால் அது பொருந்தவில்லை. இயேசுவே இங்கே பெரும்பாலும் இருட்டில் நிற்கிறார். வெளிச்சத்தில் இருப்பவர்கள் வரி வசூலிக்கும் கூட்டத்தார். ஒளி அவருடைய உடலிலிருந்து புறப்படவும் இல்லை. சட்டகத்துக்கு வெளியே, வலப்பக்க உயரத்தில் எங்கிருந்தோ வந்து, அவர் முகத்தின் ஒரு பக்கத்தையும் கையையும் தொட்டுவிட்டு மேசைக்குப் போகிறது. போன இடத்தில் அது ஆள் பார்த்து விழவில்லை. காசை விட்டுக் கண்ணை எடுக்காத இளைஞன்மேலும் விழுகிறது, நிமிர்ந்து பார்க்கும் தாடிக்காரர்மேலும் விழுகிறது. என் வாதம் இதுதான்: இந்த ஓவியத்தில் பக்தி ஒளியில் இல்லை, விழுந்த ஒளிக்கு மனிதர் முகம் திருப்புவதில் இருக்கிறது. ஒளி எல்லோருக்கும் பொது. திரும்புவது அவரவர் காரியம்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை உணர, அதற்கு முன்பு புனிதத்தை எப்படிக் காட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். இடைக்கால ஐரோப்பியத் திருவோவியங்களில் ஒளி என்பது பொன்தான். பலகையில் பொன்தகடு ஒட்டி, அதன்மேல் கன்னி மரியாவையும் புனிதர்களையும் தீட்டினார்கள். மெழுகுவர்த்திச் சுடரில் அந்தப் பொன் மினுங்கும்போது புனிதர் இந்த உலகத்து வெளிச்சத்தில் இல்லை என்பது புரிந்துவிடும். மறுமலர்ச்சிக் காலத்தில் பொன் போய் வானம் வந்தது. தலையைச் சுற்றிய ஒளிவட்டம் மெலிந்துகொண்டே வந்தது. ஆனாலும் யார் புனிதர், யார் சாமானியர் என்பதை வெளிச்சம் பிரித்துக் காட்டிக்கொண்டேதான் இருந்தது. கரவாஜியோவும் ஒளிவட்டத்தை முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. இயேசுவின் தலைக்கு மேல் மெல்லிய பொன்கோடு ஒன்று உண்டு. தேடிப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கோட்டை நம்பி அவர் இயேசுவை நமக்கு அறிமுகம் செய்யவில்லை.

ஓவியம் பிறந்த சூழலையும் சொல்ல வேண்டும். மத்தியூ குவாந்த்ரெல் என்ற பிரெஞ்சுக் கார்தினால், இத்தாலியர் வாயில் மத்தேயோ கொன்டரெல்லி, தன் பெயர் தாங்கிய புனிதருக்கு இந்தச் சிற்றாலயத்தை அர்ப்பணிக்க விரும்பினார். ஆசை நிறைவேறும் முன்பே 1585இல் இறந்துபோனார். கூரைச் சுவரோவியங்களை ஜுசெப்பே செசாரி 1590களின் தொடக்கத்தில் முடித்தார்; பக்கச் சுவர்கள் வெறுமையாகவே கிடந்தன. 1599 ஜூலையில் அந்த வேலை கரவாஜியோவுக்கு வந்தது. அவருக்கு அப்போது வயது 27. இரண்டு ஓவியங்களுக்குக் கூலி 400 ஸ்கூடி. ஆலயத்தில் பொதுமக்கள் பார்க்க வைக்கப்போகும் பெரிய வேலை அவருக்கு அதுதான் முதல். 1600 ரோமில் ஜூபிலி ஆண்டு. ஐரோப்பா முழுவதிலுமிருந்து திருப்பயணிகள் வந்து குவிந்த வருடம். அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன், 1563 டிசம்பரில், திரெந்து திருச்சங்கம் திருவோவியங்கள் பற்றி ஓர் ஆணை பிறப்பித்திருந்தது. படங்களை வணங்குவது தவறு என்ற புரட்டஸ்தாந்தச் சீர்திருத்தக்காரர்களின் கண்டனத்துக்கு அது பதில். படம் மக்களுக்குப் போதிக்க வேண்டும், அவர்களைப் பக்திக்குத் தூண்ட வேண்டும். வழக்கத்துக்கு மாறான படம் எதையும் ஆயர் ஒப்புதலின்றி வைக்கக் கூடாது. பரோக் கலை என்று பின்னால் பெயர் பெற்றது வளர்ந்த மண் இது.

கார்தினால் விட்டுச்சென்ற குறிப்பில் இந்தக் காட்சி எப்படி இருக்க வேண்டும் என்பது எழுதியிருந்தது. வரி வசூலிக்கும் கடை அல்லது அறை. அந்தத் தொழிலுக்குரிய பொருள்கள். சீடர்களோடு தெருவில் போகும் ஆண்டவர் அழைக்க, மத்தேயு மேசையை விட்டு எழுந்து அவரிடம் வருகிறார். மத்தேயு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரமும் ஒரே வசனத்தில் இதைச் சொல்லி முடித்துவிடுகிறது: கண்டார், கூப்பிட்டார், அவன் எழுந்து பின்சென்றான். பழைய தமிழ் விவிலியம் மத்தேயுவின் தொழிலுக்கு ஆயம் என்ற சுங்கச் சொல்லிலிருந்து ஆயக்காரன் என்று பெயர் தருகிறது. ரோமானிய ஆட்சிக்காகச் சொந்த மக்களிடம் வரி பிடுங்கியவன். ஊரார் காறித் துப்பும் ஆள். கரவாஜியோ பல சீடர்களுக்குப் பதிலாக ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டார். அவரையும் பிறகுதான் சேர்த்தார் என்பதை ஊடுகதிர்ப் படங்கள் காட்டியுள்ளன. குறிப்பிலிருந்து அவர் விலகிய மிக முக்கியமான இடம் வேறு: மத்தேயு எழவில்லை. கார்தினால் கேட்டது கீழ்ப்படிதலின் படம். ஓவியர் தந்தது அதற்கு ஒரு மூச்சு முந்திய கணம். இயேசுவின் பாதங்களோ வெளியே போகும் திசையில் ஏற்கெனவே திரும்பியிருக்கின்றன. அழைத்தவர் காத்திருக்கப் போவதில்லை. ஒளி வந்தாயிற்று, கை நீண்டாயிற்று, மிச்சமெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் கையில். எழுந்து நிற்கும் மத்தேயுவை வரைந்திருந்தால் நாம் ஒரு புனிதரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்போம்.

ஒளி வரும் திசையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்த ஓவியத்தின் உயிர் அங்கே இருக்கிறது. அறைக்குள் ஒரு சன்னல் வரையப்பட்டிருக்கிறது. குறுக்குச் சட்டம் சிலுவைபோல் தெரியும் அதன் வழியாக ஒரு கீற்று வெளிச்சமும் வரவில்லை. அதன் கட்டங்கள் மங்கலாக அடைபட்டிருக்கின்றன. பார்ப்பவர் எதிர்பார்க்கும் இடத்தில் சன்னலை வைத்து அதைக் குருடாக்கிவிட்டு, ஒளியை வேறு பக்கத்திலிருந்து கொண்டுவருகிறார் ஓவியர். எந்தப் பக்கம்? சிற்றாலயத்தில் பீடத்துக்கு மேலே உண்மையான சாளரம் ஒன்று இருக்கிறது. இடப்பக்கச் சுவரை நோக்கி நின்றால் பீடம் நமக்கு வலப்புறம். ஓவியத்துக்குள் ஒளி வருவதும் வலப்புறத்திலிருந்து, உயரத்திலிருந்து. எதிர்ச்சுவரில் இருக்கும் ‘மத்தேயுவின் இரத்த சாட்சியம்’ ஓவியத்தில் அதே ஒளி இடப்புறத்திலிருந்து வருகிறது. அங்கிருந்து பார்த்தால் பீடம் இடப்புறம் அல்லவா. கல்லால் ஆன கட்டடத்தின் வெளிச்சத்தையும் கித்தானில் தீட்டிய வெளிச்சத்தையும் ஒன்றாக்கிவிட்டார். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வழிபட வருபவர் சிற்றாலயத்தின் வாசலருகே நின்றுதான் பார்க்க முடியும். அங்கிருந்து மிக அருகில் இருப்பது ஓவியத்தின் இடது ஓரம், தலை கவிழ்ந்து காசு எண்ணும் இளைஞன் இருக்கும் ஓரம். இயேசு நிற்பது தூரத்தில், பீடத்தின் பக்கம். அதாவது பார்ப்பவர் நிற்பது ஆயக்காரர்களின் கட்சியில். ஒளி மேசைக்கு வரும் அதே வழியாகத்தான் அவருக்கும் வருகிறது. இன்று அங்கே காசு போட்டால் மின்விளக்கு எரிந்து, சற்று நேரத்தில் அணைந்துவிடும். மின்விளக்கின் ஒளியில் இந்தப் பொருத்தம் கெட்டுப்போகிறதே என்று ஒருவர் கேட்கலாம். கெடத்தான் செய்கிறது. ஆனால் ஓவியத்துக்குள் இருக்கும் நிழல்கள் எந்த விளக்குக்கும் இடம் மாறுவதில்லை. விளக்கு அணைந்த பிறகு பீடத்துச் சாளரத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்தால் அவை ஏன் அப்படி விழுகின்றன என்பது விளங்கிவிடும்.

ஒளி ஆள் பார்ப்பதில்லை என்று சொன்னேன். இந்த ஒரு ஓவியத்தை மட்டும் வைத்துச் சொல்லியிருந்தால் அது தற்செயல் என்று தள்ளிவிடலாம். எதிர்ச்சுவருக்குத் திரும்புவோம். அங்கே திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த மத்தேயு கீழே தள்ளப்பட்டுக் கிடக்கிறார். ஓவியத்தின் நடுவில், எல்லோரையும்விடப் பிரகாசமாக, அரையாடையோடு நிற்பவன் வாளேந்திய கொலைகாரன். வேறெந்த ஓவியராக இருந்தாலும் அந்த ஒளியைப் புனிதருக்கல்லவா கொடுத்திருப்பார்! இதை முடித்த கையோடு சான்தா மரியா தெல் போப்போலோ ஆலயத்துக்காக அவர் வரைந்த ‘சவுலின் மனமாற்றம்’ ஓவியத்திலும் இதையே காணலாம். சவுல் கண்ணை மூடி, கைகளை விரித்து மல்லாந்து கிடக்கிறார். அவரைவிடப் பெரிய பரப்பில் ஒளியை வாங்கிக்கொண்டு நிற்பது அவருடைய குதிரை. என்ன நடந்தது என்பதே குதிரைக்குத் தெரியாது. வெளிச்சம் படுவது ஒன்று, அதை உணர்வது வேறொன்று என்பதை இந்த மூன்று ஓவியங்களும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அரை நூற்றாண்டு கழித்து சிற்பி பெர்னினி அதே ரோமில், சான்தா மரியா தெல்லா விட்டோரியா ஆலயத்தில், புனித தெரசாவின் பரவசத்தைப் பளிங்கில் வடித்தார். மேலே மறைவாக ஒரு சன்னல் அமைத்து, பொற்கதிர்களின் வழியே ஒளி சரியாகத் தெரசாவின்மேல் இறங்கும்படி செய்தார். மயக்கும் வேலை. ஆனால் அங்கே ஒளி புனிதரைச் சுட்டிக்காட்டுகிறது, நாம் பார்வையாளர்கள். கரவாஜியோவிடம் அப்படி வசதியாக ஒதுங்கி நிற்க இடமில்லை.

இதற்கெல்லாம் இவ்வளவு பொருள் சொல்ல வேண்டுமா, இது வெறும் பட்டறைத் தந்திரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி புதிதும் அல்ல. கரவாஜியோவை அறிந்த மருத்துவர் ஜூலியோ மான்சினி, சுவரெல்லாம் கறுப்படித்த அறையில் மேலே ஒரே சன்னல் வைத்தாற்போல் இந்தப் பாணியினர் வரைந்தார்கள் என்று எழுதினார். 1672இல் அவர் வாழ்க்கையை எழுதிய பெல்லோரி, மூடிய அறையில் உயரத்திலிருந்து விழும் ஒளியை வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதை அப்படியே வரைந்தவர், அழகைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் என்று குறைப்பட்டார். கரவாஜியோ பின்னாளில் குடியிருந்த வீட்டின் உட்கூரையை உடைத்ததாக வீட்டுக்காரி அவர்மேல் 1605இல் வழக்குத் தொடுத்ததும் பதிவில் இருக்கிறது. உயரத்திலிருந்து வெளிச்சம் கொண்டுவரத்தான் என்று பலர் ஊகிக்கிறார்கள். தந்திரம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கீழே பழுப்புப் பூச்சு. வெளிச்சம் படும் இடத்தில் ஈய வெள்ளை கலந்த கனத்த வண்ணம். நிழல் வேண்டிய இடத்தில் பல வேளைகளில் அந்தப் பழுப்பையே விட்டுவிடுவது. ஆனால் ஒரு கருவி எப்போது எடுக்கப்படுகிறது என்பதும் ஒரு சான்று. சில வருடங்களுக்கு முன் அவர் வரைந்த ‘சீட்டாட்ட ஏமாற்றுக்காரர்கள்’ ஓவியத்தில் இதே போன்ற மேசை, இதே போன்ற இறகுத் தொப்பி வாலிபர்கள். அங்கே பின்புலம் வெளிறி, வெளிச்சம் மிதமாகப் பரவியிருக்கிறது. சூதாடிகளை வேடிக்கை பார்க்கிறோம், அவ்வளவுதான். அதே ஆட்களை ஒரு நற்செய்திக் காட்சிக்குள் உட்கார வைக்க நேர்ந்தபோதுதான் அவர் சுற்றிலும் இருட்டைக் கொட்டி, ஒளிக்கு ஒரு திசை கொடுத்தார். மேசையிலிருப்பவர்களுக்கு 1600இன் ரோமானிய உடை, வந்து நிற்பவர்களுக்கு வெறுங்காலும் பழங்காலப் போர்வையும் என்று உடையிலும் அவர் செய்த தேர்வைப் பார்த்தால், கண்டதை வரைந்தவர் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

இன்னொரு சச்சரவு: மத்தேயு யார்? நெடுங்காலமாக எல்லோரும் தாடிக்காரரைத்தான் மத்தேயு என்றார்கள். அவர் விரல் ‘என்னையா?’ என்று தன் நெஞ்சைக் காட்டுகிறது. கடந்த சில பத்தாண்டுகளாகச் சில ஆய்வாளர்கள், அந்த விரல் பக்கத்தில் குனிந்திருக்கும் இளைஞனைக் காட்டுகிறது, அவனே மத்தேயு என்கிறார்கள். விரலின் சாய்வு இரண்டுக்கும் இடம் தருகிறது என்பது உண்மை. நான் தாடிக்காரர் பக்கம்தான். எதிர்ச்சுவரில் சாகும் மத்தேயுவும், 1602இல் பீடத்துக்கு வந்த ஓவியத்தில் நற்செய்தி எழுதும் மத்தேயுவும் தாடி வைத்த முதியவர்கள். மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் பக்தருக்கு ஓவியர் வேண்டுமென்றே புதிர் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பேச்சுக்கு அந்த இளைஞன்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் வாதம் வலுக்கத்தான் செய்கிறது. வெளிச்சம் அவன்மேல் விழுந்து, பக்கத்து ஆள் சுட்டிக்காட்டியும் அவன் இன்னும் நிமிரவில்லை என்றாகும். யார் மத்தேயு என்று இத்தனை பேர் இத்தனை காலம் தடுமாற முடிகிறதே, அதற்குக் காரணம் ஒளி ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்ட மறுப்பதுதான்.

அழைக்கும் கை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்த அந்தக் கை, சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மறுமலர்ச்சிக் காலத்து மைக்கேலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கையை நினைவூட்டுகிறது. கடவுளின் விறைப்பான விரலை எடுக்காமல், உயிர் பெறக் காத்திருக்கும் ஆதாமின் கையை எடுத்துக் கிறிஸ்துவுக்குக் கொடுத்திருக்கிறார். கிறிஸ்து இரண்டாம் ஆதாம் என்பது பவுல் காலத்துப் போதனை. அதனால் பொருத்தம் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கை கட்டளை இடுவதாக இல்லை. கேட்டுக்கொள்வதுபோல் இருக்கிறது. இந்த ஓவியம் தீட்டப்பட்ட அதே ஆண்டுகளில் ரோமில் போப் எட்டாம் கிளமெண்ட் ஒரு விசாரணைக் குழுவை அமர்த்தியிருந்தார். இறையருள் தானே மனிதனை இழுத்துக்கொள்கிறதா, மனிதன் தன் விருப்பத்தோடு இசைந்தால்தான் அது பலிக்கிறதா என்று டொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் கடுமையாக மோதினார்கள். 1598 முதல் 1607 வரை நடந்த வாதம் தீர்ப்பில்லாமலே முடிந்தது. கரவாஜியோ இறையியல் பாடத்தை ஓவியமாக்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஊர் அன்று எந்தக் கேள்வியால் கொதித்துக்கொண்டிருந்ததோ, அதே கேள்வி இந்த மேசையில் பதில் சொல்லப்படாமல் கிடக்கிறது. குருமார்கள் சொற்களால் பிரிக்கப் பார்த்த இரண்டையும், வந்துவிட்ட ஒளியையும் இன்னும் எழாத மனிதனையும், அவர் ஒரே கணத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்.

கடைசியாக ஒரு ஆட்சேபம், இதுதான் கனமானது. இந்த ஆள் 1606 மே மாதம் ரோமில் ரனுச்சியோ தோமஸ்ஸோனி என்பவரைக் கொன்றுவிட்டு ஓடியவர். அடிதடி, வசை, சிறை என்று காவல் பதிவுகள் முழுக்க அவர் பெயர். நான்கு ஆண்டுகள் நேப்பிள்ஸ், மால்டா, சிசிலி என்று அலைந்து, 1610இல் தன் 38ஆம் வயதில் போர்ட்டோ எர்கொலேயில் இறந்தார். இப்படிப்பட்டவரின் ஓவியத்தில் பக்தியைத் தேடலாமா? ஓவியரின் ஒழுக்கம் ஓவியத்தைப் புனிதமாக்கவும் செய்யாது, கெடுக்கவும் செய்யாது என்று பொதுவாகச் சொல்லி நழுவ எனக்கு மனமில்லை. தன்னை எங்கே வைத்துக்கொண்டார் என்று அவரே காட்டியிருக்கிறார். ‘மத்தேயுவின் இரத்த சாட்சியம்’ ஓவியத்தில் கொலை நடக்கிறது; சுற்றியிருப்பவர்கள் பதறி விலகுகிறார்கள். பின்னால் தூரத்தில், வெளியேறும் கூட்டத்தில், தாடி வைத்த ஒரு முகம் மட்டும் திரும்பிப் பார்க்கிறது. அது கரவாஜியோவின் முகம். ரோமின் தெருவில் அவர் கையால் ஒருவர் சாவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே தீட்டியது. புருவம் நெரிந்திருக்கிறது; உடல் போய்க்கொண்டிருக்கிறது; கண்கள் போக முடியாமல் கீழே விழுந்து கிடக்கும் மத்தேயுவின்மேல் நிற்கின்றன. பீடத்துச் சாளரத்தின் பக்கமிருந்து வரும் அந்த ஒளியில் கொஞ்சம் அவர் கன்னத்திலும் பட்டிருக்கிறது.